மங்களத்தில் தொடங்கியவன்

சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்கத்தின் செயற்குழு கூடி, இனிமேல் கச்சேரி நாட்களில் டிபனைக் கச்சேரிக்கு முன்னதாகவே பரிமாறுவது என்று தீர்மானித்தது. இதன் முக்கியத்துவம் வெளியூர்க்காரர்களுக்கு உடனே விளங்காது. கல்கத்தாவில் தமிழர்கள் கச்சேரி கேட்கத் தொடங்கிய நாள் முதல் டிபன் கச்சேரிக்குப் பிறகுதான். நம் முன்னோர் கப்பல் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் கணக்கெழுத வந்திறங்கிய காலத்தில் ஏற்பட்ட ஒழுங்கு அது. ஓர் உலகப் போரும் ஒரு பஞ்சமும் ஒரு பிரிவினையும் அதை அசைக்கவில்லை. சமையல்காரர் சேஷு அசைத்துவிட்டார். வாடகை கட்டுப்படியாகாமல் பாருய்பூருக்குக் குடிபோய்விட்ட அவர், பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ஏழரை மணி லோக்கலைப் பிடித்தாக வேண்டும். கச்சேரி முடிந்து, பந்தி முடிந்து, பாத்திரம் கழுவிவிட்டு அந்த வண்டியைப் பிடிக்க எந்தச் சமையல்காரராலும் ஆகாது.

பொருளாளர் எதிர்த்தார். “டிபனை முன்னாடி போட்டா எல்லாரும் சாப்பிட்டுட்டு நடையைக் கட்டிடுவா. அப்புறம் பாடறவா சுவத்தைப் பாத்துண்டு பாடணும்.”

“அப்போ இத்தனை வருஷமா டிபனுக்குத்தான் வந்துண்டிருக்கான்னு சொல்றேளா?” என்று கேட்டார் செயலாளர் நடராஜன்.

“நான் அப்படிச் சொல்லலே. நீங்க அப்படி மினிட்ஸ்ல எழுதவும் வேண்டாம்.”

இரண்டாவது சுற்றுக் காபி வரும்வரை விவாதம் நடந்தது. கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. ஒருவர் மட்டும், மெனுவைப் பார்த்த பிறகு தம் கருத்தைச் சொல்வதாக நடுநிலை வகித்தார். நான் கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். இந்தச் செய்திக்காக ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் காத்திருந்த ஒருவன் டாலிகஞ்சில் இருந்தான். என் பள்ளித் தோழன் பட்டாபி. முந்தின நாள் சாயங்காலமே அவன் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

“நாளைக்கு நம்ம விஷயம் வர்றதாமே?”

“வர்றது. ஆனா உன் காரணத்துக்காக இல்லே. சேஷுவோட ரயிலுக்காக.”

“ரயிலுக்காக இருந்தா என்ன, கப்பலுக்காக இருந்தா என்ன. முன்னாடி போடறாளா, அதை மட்டும் சொல்லு. முடிஞ்சவுடனே போன் பண்ணு.”

நான் எண்ணை அழுத்துவதற்குள் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன் மனைவி சுதபா. வங்காளிப் பெண், பட்டாபியிடம் கற்றுக்கொண்ட தமிழை அவனைவிடத் திருத்தமாகப் பேசுவாள். பெயரோடு ‘தா’ சேர்த்து அண்ணா என்று அழைக்கும் வங்காளி வழக்கத்தை மட்டும் விடவில்லை.

“ரகுதா, உங்க சிநேகிதர் போயிட்டார்.”

காலையில் கரியாஹாட்டுக்குப் போய் கிதாருக்குக் கம்பி வாங்கி வந்திருக்கிறான். மாட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் படுத்திருக்கிறான். அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு சுதபா கேட்டாள்.

“மீட்டிங் என்னாச்சு?”

“முடிஞ்சுது.”

“டிபன் முன்னாடியா?”

“முன்னாடிதான்.”

“சரி” என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

பட்டாபியை உங்களில் பலருக்குத் தெரியும். விழா அழைப்பிதழ்களின் அடியில், நன்றியுரைக்கும் கீழே, ‘மங்களம்: திரு. பட்டாபிராமன், ஹவாயன் கிதார்’ என்று ஒரு வரி இருக்குமே, அந்த வரி அவன்தான். அவன் வாசித்ததை நீங்கள் யாரும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமல்ல. அவன் தொடங்கும்போது நீங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். இது எப்படி நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் இப்போது சிலரே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் வேலை. கப்பல் வந்த நாட்களில் வீடு திரும்ப நேரமாகும். அந்தக் காலத்தில் கப்பல் வராத நாளே கிடையாது. சங்கத்தில் கச்சேரி என்றால் பட்டாபியின் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு டாலிகஞ்சிலிருந்து கிளம்பிவிடுவார். ஆனால் அரங்கத்துக்குள் நுழைய மாட்டார். ஆத்துக்காரர் இல்லாமல் தனியாக உள்ளே போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்பது அவர் கொள்கை. அதனால் தாயும் மகனும் எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். வர்ணம், கீர்த்தனை, ராகம், தானம், தனி ஆவர்த்தனம் எல்லாம் உள்ளே நடந்து முடியும். இவர்கள் டிராம் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா கிடர்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூவருமாக உள்ளே போகும்போது மங்களம் ஆரம்பித்திருக்கும். எல்லோரும் எழுந்து டிபனுக்குப் போவார்கள். நின்று நின்று கால் வலித்த பட்டாபி, காலியான நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அந்த மங்களத்தைக் கடைசிவரை கேட்பான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் அம்மா தவறாமல், “இன்னிக்குக் கச்சேரி பிரமாதம்” என்பார்.

இவ்வாறாக, கர்நாடக சங்கீதம் என்பது பக்தி மிகுந்த, மிகவும் சுருக்கமான ஒரு கலை என்று பட்டாபி நம்பி வளர்ந்தான். பிற்பாடு ரேடியோ அவனைத் திருத்தியது. ஆனாலும் முதலில் மனதில் விழுந்தது விழுந்ததுதான். “எல்லாத்திலேயும் ஒசத்தியான பாட்டு அது. அதை ஏண்டா கடைசிக்கு வெச்சு வீணடிக்கறா?” என்று பள்ளிக்கூடத்தில் என்னிடம் கேட்டிருக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். அவனிடம் ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தது. அதை மேசை விளிம்பில் பாதி நீட்டி வைத்து, ஒரு கையால் அமுக்கி, மறு கையால் தெறித்துக்கொண்டே உள்ளே இழுப்பான். ஸ்கேல் தழைந்த சுருதியிலிருந்து மேல் சுருதிக்கு முனகிக்கொண்டே ஏறும். சரித்திர வாத்தியார் வகுப்புக்குள் வண்டு புகுந்துவிட்டது என்று ஜன்னல்களைச் சாத்தச் சொல்வார். ஏப்ரல் மாதத்துக் கல்கத்தாவில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு முகலாயர்களைப் படித்த ஒரே வகுப்பு எங்களுடையதுதான்.

அந்த ஸ்கேலிலிருந்து ஹவாயன் கிதாருக்கு அதிக தூரமில்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கிதாரை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை. மடியில் படுக்க வைத்து, வலது கையால் மீட்டி, இடது கையில் பிடித்த எஃகுத் துண்டைக் கம்பிகளின்மேல் வழுக்கவிட்டு வாசிப்பார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு வீட்டில் அது இருந்தது. பட்டாபி பௌதி, அதாவது அண்ணி, என்று அழைத்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணச் சீராக ஒன்று வந்தது. பௌதிக்கு அது கடைசிவரை வசப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவனுக்கு வந்துவிட்டது. ஒருநாள் பௌதி அலுத்துப்போய் வாத்தியத்தை ஜன்னல் வழியாகவே அவனிடம் கொடுத்துவிட்டு, அதன்பின் நிம்மதியாக மாலை நேரங்களில் தூங்கினாள் என்று கேள்வி.

“ஸ்வரத்துக்கு ஸ்வரம் பஸ் ஸ்டாப் மாதிரி நின்னு எறங்கி ஏறப்படாதுடா” என்பான். “டிராம்ல போறாப்பல போணும். ஓடிண்டிருக்கறச்சயே ஏறணும், ஓடிண்டிருக்கறச்சயே எறங்கணும்.” இசையைப் பற்றி அவன் சொன்ன நீண்ட கருத்து இதுதான்.

படிப்பை முடித்து அவனும் கிடர்பூரிலேயே, சுங்கத்தில் சரக்கு விடுவிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். மாலையில் கிதார். அந்த வருஷம் நம் ஆண்டு விழாவில் அவனுக்கு அரை மணி நேரம் கிடைத்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பாடகியின் கச்சேரிக்கு முன்னால், மைக் சரிபார்க்கும் நேரத்தில். அப்போது மைக் பொறுப்பு நடராஜனிடம் இருந்தது. பட்டாபி வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தான். கிதாரை மடியில் கிடத்தினான். தனக்குத் தெரிந்தவற்றில் ஒசத்தியானதில் தொடங்குவதே சபைக்கு மரியாதை என்று நினைத்து மங்களத்தை எடுத்தான்.

இரண்டாவது வரியில் முன்வரிசைப் பெண்கள் கைப்பைகளை எடுத்துக்கொண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து, கைகூப்பி, செருப்பைத் தேடினார். அதற்குள் அடுக்களையில் வேறொன்று நடந்துவிட்டது. சேஷு அப்போது இளைஞர், சமையல் பொறுப்புக்குப் புதியவர். அவருக்குத் தரப்பட்டிருந்த உத்தரவு ஒன்றே ஒன்று: ஒலிபெருக்கியில் மங்களம் கேட்டால் இலை போட வேண்டும். போட்டார். போண்டா வாசனை அரங்கத்துக்குள் வந்தது. பட்டாபி கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிட்டுத் திறந்தபோது எதிரே நாற்காலிகளும் நானும் இருந்தோம்.

சென்னைப் பாடகி தம்புராவுடன் வந்து சேர்ந்தபோது எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். “கச்சேரி எத்தனை மணிக்கு?” என்று அவர் கேட்க, கேசரியில் இருந்த ஒருவர், “முடிஞ்சுடுத்தே. ரொம்ப நன்னா பாடினேள்” என்றார்.

அவசரமாக விசாரணை நடந்தது. சேஷு ஒரே வாக்கியத்தில் தம் தரப்பைச் சொல்லிவிட்டார். “மங்களம் கேட்டுது. இலை போட்டேன்.” அதற்குமேல் யாரும் அவரைக் கேட்க முடியவில்லை. சாப்பிட்டவர்களைத் திரும்ப அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். பாடகி இரண்டரை மணி நேரம் பாடினார்.

அன்று திரும்பும் வழியில் பட்டாபி அவமானப்பட்டிருப்பான் என்று நான் நினைத்தேன். அவனோ உற்சாகமாக இருந்தான்.

“பாத்தியோ? அந்தம்மா மங்களம் பாடறச்சே ஒருத்தர்கூட எழுந்துக்கலே.”

“பாதிப்பேர் தூங்கிண்டிருந்தா.”

“தூங்கினவாளும் உக்காந்துண்டுதானே தூங்கினா. அப்போ மங்களத்துக்காக எழுந்துக்கறதில்லே. டிபனுக்காகத்தான் எழுந்துக்கறா. டிபனை முன்னாடி போட்டுட்டா நான் வாசிக்கறதை உக்காந்து கேப்பா.”

இதுதான் பட்டாபியின் கோட்பாடு. விஞ்ஞானிகள் வாழ்நாளெல்லாம் ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுவதாகப் படிக்கிறோம். இவன் கட்டிக்கொண்ட கேள்வி இது: நம்மவர்கள் எழுந்திருப்பது பாட்டைக் கேட்டா, டிபனை நினைத்தா? பாட்டைக் கேட்டுத்தான் என்றால், தன் வாத்தியத்துக்கு எதிரே தன் ஜனங்கள் உட்காரவே போவதில்லை என்று அர்த்தம். டிபன்தான் என்றால் நம்பிக்கை உண்டு. ஆண்டுதோறும் பொதுக்குழுவில் எழுந்து நின்று டிபனை முன்னால் போடக் கோருவான். ஆண்டுதோறும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

இதற்கிடையே சங்கம் அவனுக்கு வேறு ஓர் உபயோகம் கண்டுபிடித்தது. ஒரு பொங்கல் விழாவில் தில்லியிலிருந்து மாற்றலாகி வந்த பெரிய அதிகாரி ஒருவர் சிறப்புரை ஆற்றினார். தமிழின் தொன்மையைப் பற்றிய உரை. தொன்மையிலிருந்து தொடங்கி அவர் நிகழ்காலத்துக்கு வருவதற்கான அறிகுறியே இல்லை. குழந்தைகள் அழுதன. சட்னி புளித்துக்கொண்டிருப்பதாக அடுக்களையிலிருந்து தகவல் வந்தது. உரைக்குப் பிறகு வாசிப்பதற்காக மேடை ஓரத்தில் கிதாரோடு உட்கார்ந்திருந்த பட்டாபியை நடராஜன் பார்த்தார். பட்டாபி நடராஜனைப் பார்த்தான். பிறகு மெல்ல எஃகுத் துண்டைக் கம்பியில் வைத்தான். அதிகாரி நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தவர், மங்களம் காதில் விழுந்ததும் தானாகக் கைகூப்பி, “வணக்கம், நன்றி” என்று முடித்துவிட்டார். அரங்கம் எழுந்தது. அன்று வந்த கைதட்டல் போல் அதன்பின் நம் மேடையில் எவருக்கும் வந்ததில்லை.

அன்றிலிருந்து அவன் நிரந்தரம். கவிஞர்கள், ஆய்வாளர்கள், வள்ளல்கள், மழலையர் மாறுவேடப் போட்டி நடுவர்கள் என்று யார் பேசினாலும் மேடை ஓரத்தில் அவன் இருப்பான். “என் வாசிப்பைத்தான் எல்லாரும் ஆவலோட எதிர்பாக்கறா” என்பான். “ஆரம்பிச்சேன்னா அவாவா எழுந்து போயிடறா.” இதை அவன் சொல்லும்போது முகத்தில் வருத்தம் தெரியாது. ஆனால் வாசிப்பை நடுவில் நிறுத்தவும் மாட்டான். காலி அரங்கத்தில் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் சாப்பிட வருவான். அதற்குள் போண்டா தீர்ந்திருக்கும். சேஷு அவனுக்கென்று இரண்டு எடுத்து வைத்திருப்பார்.

அவன் வெளியில் எப்படிப்பட்ட ஆள் என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனியை மூடியபின் அவனுக்குக் கிதார் ஒன்றே பிழைப்பு. (“நாப்பது பேர் வேலை பாத்த எடம். ஒரு மங்களம்கூடப் பாடாம முடிச்சுட்டான்” என்றான்.) டாலிகஞ்ச் சினிமா ஸ்டூடியோக்களில் பின்னணிக்கு வாசித்தான். கல்யாண வரவேற்புகள், பள்ளி விழாக்கள், துர்க்கா பூஜையின்போது தெருவுக்குத் தெரு நடக்கும் மேடை நிகழ்ச்சிகள் என்று போய்வந்தான். ஒரு பூஜையின்போது என்னையும் என் மனைவியையும் அவன் தெருப் பந்தலுக்கு வரச் சொன்னான். நல்ல கூட்டம். அறிவிப்பாளர், “இப்போது நம் போட்டாபி-தா” என்றதும் பந்தல் ஆரவாரித்தது. பட்டாபி என்ற பெயர் வங்காளி வாயில் அப்படித்தான் உருளும்.

“போட்டாபி-தா, ஓய் மாத்ராஜி ஷுர்” என்று பல பக்கங்களிலிருந்து குரல் வந்தது. அந்த மதராஸ் ராகத்தை வாசிக்கும்படி கேட்டார்கள்.

அவன் மங்களத்தை எடுத்தான்.

நானும் என் மனைவியும் எழுந்தோம். யோசித்து எழவில்லை. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டினேன். அப்போதுதான் அத்தனை பெரிய பந்தலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பின்னால் இருந்த ஒரு முதியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போஷுன் தாதா, போஷுன்.” உட்காருங்கள் என்பதைச் சற்றுக் கோபமாகச் சொன்னாள். உட்கார்ந்தோம்.

அன்றுதான் மங்களத்தின் பிற்பாதியை நான் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டேன். அவனுக்கு எதிரே நான் மட்டும் மிஞ்சிய அந்த ஆண்டு விழாவில்கூட, எழுந்து போகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அரங்கத்தில் வளர்ந்தவன் நான். முதல் இரண்டு வரிகளுக்கு அப்பால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேலே ஏறி ஓரிடத்தில் நின்று, இறங்க மனமில்லாததுபோல் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு இறங்கும். அந்த இடத்தில் பட்டாபி எஃகுத் துண்டை மிக மெதுவாக நகர்த்தினான். பக்கத்தில் ஒருவர் மூச்சை இழுப்பது கேட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சிக்குப் பின் அவன் மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தான். “இத்தனை ஜனத்துல எழுந்துண்டது ரெண்டே பேர்” என்றான். “ரெண்டும் நம்மவா. அம்மா இருந்தா மூணு.” சிரித்து முடிக்க அவனுக்கு வெகுநேரமாயிற்று. எங்களுக்கு ஒரு காகிதத் தட்டில் கிச்சுரி என்னும் பூஜைக் கிச்சடி கொண்டுவந்து கொடுத்தவள் சுதபா. அவனிடம் கிதார் கற்க வந்து, ஏற்கெனவே கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தாள். “நீங்க எழுந்தது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துது” என்று என் மனைவியிடம் சொன்னாள். “இவர் சொன்னார், அது எங்க ஊர் மரியாதைன்னு.”

சங்கத்தைத் தவிர வேறு எங்கும் அவன் அந்த மங்களத்தை எதையாவது முடித்துவைக்க வாசித்ததில்லை. புதுக்கடை திறந்தால் வாசிப்பான். நாங்கள் டாலிகஞ்சில் வீடு வாங்கியபோது பால் காய்ச்சுவதற்கு முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்து வாசித்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா, “அதுக்குள்ள முடிஞ்சுடுத்தா?” என்று தாம்பூலத்துக்குக் கை நீட்டினார். என் மகன் வேலைக்காக இந்த ஊரைவிட்டுப் போனபோது நான் வாசிக்கச் சொன்னேன். பட்டாபி மறுத்துவிட்டான். “போறவாளுக்கு வாசிக்கமாட்டேன். முடியறதுக்கு வாசிக்கறது சங்கத்துல மட்டும்தான். அது ட்யூட்டி.”

வயதாக ஆக அந்த ட்யூட்டி அவனை உறுத்தியது என்று நினைக்கிறேன். சொல்லிக்கொண்டதில்லை. போன வருஷப் பொதுக்குழுவில் வழக்கம்போல் எழுந்தவன், வழக்கத்துக்கு மாறாக, சிரிப்பு அடங்கிய பின்னும் நின்றுகொண்டிருந்தான். “எனக்கு அறுபத்தஞ்சு ஆறது. பெங்காலிக்காரா கேட்டாச்சு, மார்வாடிக் கல்யாணத்துல கேட்டாச்சு. நம்மவா ஒரு தடவை உக்காந்து கேட்டா தேவலை. சாப்பிட்டுட்டு வந்து கேளுங்கோ, போறும்.” அரங்கம் அமைதியாயிற்று. நடராஜன் அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல், “டிபன் முன்னாடின்னு ஆகட்டும் ஓய், உமக்கு ஒரு மணி நேரம் தரேன்” என்றார். ஒருபோதும் ஆகாது என்ற தைரியத்தில் சொன்னது. பட்டாபி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரமே டாலிகஞ்சில் தெரிந்தவரின் ஸ்டூடியோவுக்குப் போய், ஒரு மணி நேரத்துக்கு என்னென்ன வாசிப்பது என்று வரிசை போட்டு, ஒத்திகையாக முழுவதையும் பதிவு செய்து வந்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய நடராஜனும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். கட்டிலின்மேல் கிதார் இருந்தது. கரியாஹாட்டில் வாங்கிய கம்பி உறை பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது.

“இரண்டு நிமிஷ மௌனம், அப்புறம் நாலு பேர் பேசறதுன்னு வெச்சிருக்கோம்” என்றார் நடராஜன்.

“மௌனம் வேண்டாம்” என்றாள் சுதபா. “அவருக்குப் பிடிக்காது. டிபன் உண்டோன்னோ?”

நடராஜன் என்னைப் பார்த்தார். இரங்கல் கூட்டத்தில் டிபன் உண்டா என்பதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லை. “போடலாம்” என்றார். “ஸ்வீட் மட்டும் இல்லாம.”

“முன்னாடிதானே?”

“முன்னாடிதான்மா. தீர்மானம் ஆயிடுத்தே.”

அவள் அலமாரியிலிருந்து ஒரு பென் டிரைவ் எடுத்து அவரிடம் கொடுத்தாள். “ஒரு மணி நேரம் இருக்கு. நீங்க தரேன்னு சொன்னேளாம்.”

நடராஜன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெருவுக்கு வந்தபின், “சொன்னேன்தான்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை, ஐந்தரை மணிக்கு, நம் சங்க வரலாற்றில் முதன்முறையாக டிபன் முன்னால் பரிமாறப்பட்டது. இட்லியும் போண்டாவும். நடுநிலை வகித்தவர் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். டாலிகஞ்சிலிருந்து அவன் தெருக்காரர்கள் வந்திருந்தார்கள். பொருளாளர் வாசலருகே நின்று யார் யார் சாப்பிட்டுவிட்டு நழுவுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு அரங்கத்தில் உட்கார்ந்தோம். மேடையில் மாலை போட்ட படம். அதன் கீழே, அவன் வழக்கமாக உட்காரும் ஓரத்தில், மடிப்பு நாற்காலி. நடராஜன் பேசத் தொடங்கினார். மைக் பொறுப்பில் இருந்த காலம் முதல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார், வெகுநேரம் பேசினார். அவரை நிறுத்த வேண்டிய ஆள் படத்தில் இருந்தான்.

கடைசியில் அவராகவே நிறுத்திக்கொண்டு விசையைத் தட்டினார். ஒலிபெருக்கியில் முதலில் ஒரு செருமல். பிறகு அவன் குரல், ஸ்டூடியோக்காரரிடம் கேட்பது: “ஷுரு கொரி?” ஆரம்பிக்கட்டுமா என்கிறான். அதன்பின் எஃகு கம்பியைத் தொட்டது.

எதில் தொடங்குவான் என்று உங்களுக்குத் தெரியும்.

பட்டாபியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று அன்று சிலர் கேட்டார்கள். சுதபா எதையும் எடுத்துக்கொள்ளும்படி சொன்னாள், நான் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மங்களத்தின் பிற்பாதி. ஏறி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கும் அந்த இடம். காலையில் சவரம் செய்யும்போதும், மெட்ரோவுக்குக் காத்திருக்கும்போதும் அது வந்துபோகிறது. நம் அரங்கத்தில் வேறு எவரிடமும் அது இல்லை என்று எண்ணியிருந்தேன். அன்று ஒலிபெருக்கியில் முதல் இரண்டு வரிகள் முடிந்து அந்த இடம் நெருங்கும்போது, நான் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் தூங்கவும் இல்லை.

சேஷு ஏழரை மணி லோக்கலைப் பிடித்துவிட்டார்.